எண்ணிக்கை சொல்லாதே, கெட்டி சொல்லு

போன வாரம் பிரியங்கா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு லேபில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். அங்கே புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். டெங்குக் காய்ச்சல்காரரின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தட்டிவிட்டால் போதுமாம். காய்ச்சல் முற்றுமா, லேசில் போய்விடுமா என்று சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தில் ஜோசியம் சொல்லிவிடுமாம். அதன் திறப்பு விழாவுக்கு மலர் போடுகிறார்கள், பழைய ஆள் என்ற முறையில் நானும் ஒரு கட்டுரை தரவேண்டும் என்றாள்.

"அது ஒண்ணுக்குப் போனாங்களான்னு கேக்குதா?" என்றேன்.

"என்னது மேடம்?"

"பேஷண்ட் கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்கன்னு அந்தக் கம்ப்யூட்டர் கேக்குதான்னேன்."

"அடுத்த அப்டேட்ல வரும்னு நினைக்கிறேன் மேடம்" என்றாள். பாவம், மரியாதை தெரிந்த பெண். இளைய தலைமுறைக்கு ஊக்கம் தருகிற மாதிரி எழுதுங்கள் என்றும் சொல்லி வைத்தாள். ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை. நடந்தது இருக்கிறது. மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் பாடு.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன், ஊசி குத்தக் கற்றேன், கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தேன். என் படிப்புக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் சுரங்கத்தில் பர்மனென்ட். எனக்கு நகரியத்து நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே, வடலூர் போகிற ரோட்டில் இருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பெரிய ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிகிற சீசனில் மிச்ச மீதி எல்லாம் எங்களிடம் வரும். அதன் பெயர் இங்கே வேண்டாம். அது இரண்டு முறை கை மாறிவிட்டது, பெயரும் கூடவே மாறிவிட்டது.

நகரியத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் எந்த பிளாக் என்று கேட்பார்கள். அடுத்து பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்று கேட்பார்கள். இந்த இரண்டு பதிலிலேயே எதிராளிக்கு டீயா, தண்ணீரா என்பது முடிவாகிவிடும். டெங்கு வந்த பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்தது. "கவுன்ட்டு எவ்வளவு?"

கவுன்ட் என்றால் ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை. டெங்குவில் அது இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பெரிய நோயாளி என்று நகரியமே ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. லட்சத்துக்கு மேல் இருப்பவரை யாரும் சட்டை செய்வதில்லை. ஐம்பதாயிரம் என்றால் சொந்தக்காரர்கள் பழம் வாங்கி வருவார்கள். முப்பதுக்குக் கீழே போய்விட்டால் ஆபீசிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். ஒரு அம்மா தன் கணவருக்கு மூன்று லேபில் எடுத்துப் பார்த்து, மூன்றில் எது குறைவோ அதைத்தான் ஊரெல்லாம் சொன்னார். எங்கள் லேப் கொஞ்சம் கூடுதலாகக் காட்டிவிட்டதாம். "ஒங்க மெஷின் சரியில்லைங்க" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் இல்லையா, எதையும் ஷிஃப்டுக்கு ஒரு தரம் அறிக்கையாகப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஏ ஷிஃப்டில் எவ்வளவு, பி ஷிஃப்டில் எவ்வளவு என்று நிலக்கரி உற்பத்தியைக் கேட்கிற மாதிரி பிளேட்லெட்டைக் கேட்டார்கள். நோயாளியோடு இருப்பதற்கும் ஷிஃப்ட் போட்டுக்கொண்டார்கள். பகலில் மச்சினன், மாலையில் தம்பி, மாறும்போது சார்ஜ் ஒப்படைப்பு வேறு. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக் கொடுத்தே நோயாளி வெளுத்துவிடுவார் போலிருந்தது. போதாக்குறைக்குப் பப்பாளி இலைச் சாறு. அந்த வருஷம் குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் ஒரு பப்பாளி மரத்துக்கும் தலை கிடையாது. எங்கள் வீட்டு மரத்து இலைகளை யாரோ இருட்டோடு வந்து காம்பு கூட விடாமல் அறுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அதே இலையின் சாறு குடித்த வாயோடு ஒருத்தர் என் முன்னால் வந்து கையை நீட்டியிருப்பார், எனக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கூத்துக்கு நடுவே வந்து சேர்ந்தவர் டாக்டர் கமலவல்லி. குள்ளமான உருவம், கரகரத்த குரல், எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவை. அவர் ரவுண்ட்ஸ் போவதே வேடிக்கை. சொந்தக்காரர்கள் ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், போர்வையை விலக்கி, நோயாளியின் பாதத்தைத் தன் உள்ளங்கையால் பிடித்துப் பார்ப்பார். பெரியவர்கள் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொள்வார்கள். "ஐயையோ, டாக்டரம்மா காலத் தொடலாமா!" என்பார்கள். "ஒங்க ஆசீர்வாதத்துக்குத் தொடலய்யா. சூடா இருக்கான்னு பாக்கறேன். காலை நீட்டுங்க" என்பார். அப்புறம் வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் இரண்டாவது கேள்வி: "ஒண்ணுக்கு எப்ப போனீங்க?"

ஆபீசர்களின் மனைவிமார்கள் இதற்குக் கூசிப் போவார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஒண்ணுக்கு டாக்டர் என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியது. "எம்.டி.ன்னு போடறதுக்கு அது மேல்" என்றார்.

லேபுக்கு வந்தால் என்னிடம் ஒரே வசனம்தான். "எண்ணிக்கை சொல்லாத, கெட்டி சொல்லு."

கெட்டி என்றால் என்ன என்று மலர் படிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். டெங்கு முற்றினால் ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தில் இருக்கிற நீர் குழாயை விட்டு வயிற்றிலும் நெஞ்சிலும் போய்த் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சுவது கெட்டியாகிவிடும். கை கால் சில்லிடும், சிறுநீர் நின்றுபோகும், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் நெருங்கிக்கொண்டே வரும். அப்புறம் ஆளே போய்விடலாம். இதில் கொடுமை என்னவென்றால், காய்ச்சல் இறங்குகிற சமயத்தில்தான் இது நடக்கும். வீட்டில் எல்லோரும் சாமிக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே கசிந்துகொண்டிருக்கும். பிளேட்லெட் குறைந்தும் ஒருவர் கசியாமல் தப்பிவிடுவார். கொஞ்சமாகக் குறைந்த இன்னொருவர் கசிந்து தீர்ந்துவிடுவார்.

மெஷினே கெட்டியையும் கணக்குப் போட்டுத் தரும். கமலவல்லிக்கு அது போதாது. சுழற்றிப் பார் என்பார். ஊசியை விட மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை முக்கால் பாகம் ஏறவிட்டு, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, சுழல் இயந்திரத்தின் பள்ளத்தில் அடைத்த முனை வெளிப்பக்கம் பார்க்க வைக்கவேண்டும். மாற்றி வைத்தால் ரத்தம் இயந்திரம் முழுக்கத் தெறிக்கும். மூடி இறுக்கி ஓடவிட்டால் விமானம் கிளம்புகிற சத்தம் வரும். நின்றதும் எடுத்தால் கீழே சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு, இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. அளவுகோலில் வைத்து, மொத்தத்தில் சிவப்பு நூற்றுக்கு எத்தனை என்று படிக்கவேண்டும். அவ்வளவுதான் கெட்டி. ஒரு தரம் பார்த்தால் பிரயோசனம் இல்லை. நேற்று எத்தனை, இன்று எத்தனை என்று பார்த்தால்தான் கதை தெரியும்.

எண்ணிக்கை வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "அதையும் பாரு. அதை மட்டும் பாக்காத" என்பார். நான் இதை வார்டில் நிற்கிற சொந்தக்காரர்களிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். முழுசாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில், "அதெல்லாம் சரிங்க, கவுன்ட்டு எவ்வளவு?" என்றார்கள்.

அந்த சீசனில் சுந்தரவடிவேல் என்ற ஆபீசர் வந்து சேர்ந்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் நிலத்தடி நீர்ப் பிரிவில் பெரிய பதவி. கவுன்ட் இருபத்திரண்டாயிரம். ஆஸ்பத்திரியே எழுந்து நின்றது. எங்கள் ஐசியூவில் இருந்ததே நான்கு கட்டில். மூன்றில் உண்மையிலேயே முடியாதவர்கள். நான்காவதில் இவர். அவருக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது, கெட்டி அசையவில்லை, கால் சூடு, சிறுநீர் தாராளம். வேளாவேளைக்குப் பசித்து, இட்லி கேட்டு, செய்தித்தாளில் ராசி பலன் வரை படித்துக்கொண்டிருந்தார். வார்டுக்கு மாற்றலாம் என்று கமலவல்லி இரண்டு முறை எழுதினார். ஆபீசரின் மனைவி இரண்டு முறையும் நிர்வாகத்துக்குப் போன் போட்டு அதை நிறுத்தினார். மைத்துனர் ஒருவர் வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்து, கவுன்ட்டைக் கோடு போட்ட படமாகவே வெளியிட்டுக்கொண்டிருந்தார். பிளேட்லெட் கொடுக்க வாசலில் இளைஞர்கள் வரிசை கட்டி நின்றார்கள். ரத்தப்போக்கு எதுவும் இல்லை, பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை என்று டாக்டர் சொல்ல, "ஏனுங்க டாக்டர், வந்த பசங்க சும்மா திரும்பிப் போறதுங்களா?" என்று மனைவி மூக்கால் அழுதார்.

பொது வார்டில் வேறொரு வழக்கம் உருவாகியிருந்தது. கட்டில் பற்றாக்குறை. கவுன்ட் குறைந்தவர் உள்ளே வந்தால், கூடுதலாக இருப்பவர் எழுந்து இடம் கொடுக்கவேண்டும். பஸ்ஸில் கைக்குழந்தைக்காரிக்கு எழுந்திருக்கிற மாதிரி. யாரும் போட்ட சட்டம் இல்லை, நோயாளிகளே தங்களுக்குள் வைத்துக்கொண்ட நாகரிகம். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அப்படி எழுந்து இடம் கொடுத்தவள்தான் அஞ்சலை. முத்தாண்டிக்குப்பத்துப் பெண், நகரியத்தில் ரோடு கூட்டுகிற கான்ட்ராக்ட் வேலை. முந்தின நாள் காய்ச்சலோடு சேர்ந்தவள். அன்றைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, கவுன்ட் தொண்ணூற்றைந்தாயிரம். நாற்பதாயிரத்துக்காரி ஒருத்தி உள்ளே வந்ததும், "நீ படுத்துக்கோக்கா, எனக்கு நல்லாயிடுச்சு" என்று எழுந்து வந்து, லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் மூட்டை முடிச்சோடு அவள் புருஷன் கோவிந்தன். டிஸ்சார்ஜ் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள். போகிற வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம், "தொண்ணூத்தஞ்சா? அப்புறம் என்ன, கவலையே இல்ல" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் கமலவல்லி லேபுக்கு வந்தார். வாசலைத் தாண்டும்போது பெஞ்சைப் பார்த்தார். அஞ்சலை சுவரில் தலையைச் சாய்த்து, வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்தார்.

"ஐயோ, இன்னாம்மா இது!" என்று அவள் காலை இழுக்கப் பார்த்தாள். இழுக்கத் தெம்பில்லை.

"ஒண்ணுக்கு எப்பம்மா போன?"

"காலையில... இல்லீங்க, நேத்து."

"வயித்து வலி எப்பலேருந்து?"

"அது பசிங்க. வூட்டுக்குப் போயி ரெண்டு வாய் சோறு துன்னா சரியாப்பூடும்."

கோவிந்தன் குறுக்கே வந்தான். "கவுன்ட்டு நல்லா இருக்குதுங்க டாக்டர். தொண்ணூத்தஞ்சு. காத்தாலேருந்து உக்காந்துகினு இருக்கோம், சீட்டு குடுத்தீங்கன்னா பஸ்ஸப் புடிச்சிடுவோம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "கெட்டி" என்றார்.

அவள் கையில் ஊசி குத்தியபோது நரம்பு லேசில் அகப்படவில்லை. தோல் ஈரமாக, குளிர்ந்து இருந்தது. குழாயை அடைத்து, வைத்து, மூடினேன். இயந்திரம் ஓடியது. கமலவல்லி அதன் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், அதட்டினால் சீக்கிரம் ஓடும் என்கிற மாதிரி. சரியாக அந்த நேரத்தில்தான் ஆபீசரின் மைத்துனர் கதவைத் தட்டினார். "மேடம், பி ஷிஃப்ட் கவுன்ட் இன்னும் வரலைங்களே? குரூப்ல எல்லாரும் வெயிட்டிங்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடிக் குழாய்களை எல்லாம் அவர் தலையில் கொட்டியிருப்பேன்.

அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். முந்தின நாள் சேர்ந்தபோது முப்பத்தெட்டு. இப்போது நாற்பத்தேழு. சொன்னேன். டாக்டர் பிரஷர் பார்த்தார். மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒட்டிக்கொள்கிற தூரத்தில் இருந்தன.

அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே குளுக்கோஸ் ஸ்டாண்டைக் கொண்டுவரச் சொல்லி சலைன் ஏற்ற ஆரம்பித்தார். ஆனால் இதற்குச் சும்மா ஏற்றிவிட்டுப் போக முடியாது. குறைந்தால் ஆள் போய்விடும், கூடினால் நுரையீரலில் தேங்கும். நிமிஷத்துக்கு நிமிஷம் பார்த்துச் சொட்டைக் கூட்டிக் குறைக்கவேண்டும். மானிட்டர் வேண்டும், ஐசியூ கட்டில் வேண்டும். வேறு ஊருக்கு அனுப்பினால் வழியிலேயே முடிந்துவிடும். ஐசியூவில் இடம் இல்லை.

கமலவல்லி நிர்வாகத்துக்குப் போன் செய்யவில்லை. நேராக ஆபீசர் கட்டிலுக்குப் போனார். அஞ்சலைக்கு அடுத்த ரத்தம் எப்போது எடுக்கவேண்டும் என்று கேட்க நானும் கூடவே போனேன்.

"சார், நீங்க சுரங்கத்துல என்ன வேலை பாக்கறீங்க?"

அவர் செய்தித்தாளை மடித்தார். "நிலத்தடி நீருங்க. கரிக்கு அடியில தண்ணி பெரிய அழுத்தத்தோட இருக்குதுங்க. பம்ப் வச்சு எடுத்துக்கிட்டே இருக்கணும். நிறுத்துனா சுரங்கத்துத் தரையே பொத்துக்கிட்டு மேல வந்துரும்."

"டியூட்டிக்குப் போனதும் எதைப் பாப்பீங்க? எத்தனை பம்ப் ஓடுதுன்னா, தண்ணி மட்டம் எங்க இருக்குன்னா?"

"மட்டந்தானுங்க. பத்து பம்ப் நின்னு கிடந்தாலும் மட்டம் சரியா இருந்தா பயமில்லை. எல்லாப் பம்ப்பும் ஓடியும் மட்டம் ஏறுச்சுன்னா, அப்பத்தான் ஓடணும்."

"ஒங்களுக்குப் பம்ப் குறைவு, மட்டம் சரியா இருக்கு. வெளியில பெஞ்சுல ஒரு பொண்ணு உக்காந்திருக்கா. அவளுக்குப் பம்ப் நெறைய ஓடுது. மட்டம் ஒரே நாள்ல தப்பிப் போச்சு. எனக்கு இந்தக் கட்டில் வேணும்."

ஆபீசர் ஒரு நொடி டாக்டரையே பார்த்தார். அப்புறம் போர்வையை ஒதுக்கிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். அந்த மனுஷனைப் பற்றி அதுவரை நான் நினைத்த அத்தனையும் அந்த இடத்தில் அடிபட்டுப் போயின.

"ஏனுங்க, எங்க எந்திரிக்கறீங்க?" என்று மனைவி ஓடிவந்தார். "இருபத்திரண்டாயிரத்தை வச்சுக்கிட்டு வார்டுல போய்ப் படுக்கறதா? பிளாக்ல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"மட்டம் சரியா இருக்குன்னு சொல்லு" என்றார் அவர். தலையணையை அவரே எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே மைத்துனர் கிவிப் பழக் கூடையோடு போனார். வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றைக்குக் கடைசியாகப் போன செய்தி, உயிரைப் பணயம் வைத்து ஒரு ஏழைப் பெண்ணுக்குத் தன் கட்டிலைத் தியாகம் செய்தார் என்பது. எனக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள், கும்பிடு போட்ட பொம்மைகளோடு.

அஞ்சலையை அந்தக் கட்டிலில் போட்டபோது அவள் கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தாள். கோவிந்தன் மூட்டையை மார்போடு கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "கவுன்ட்டு நல்லாத்தானே இருந்துச்சு, கவுன்ட்டு நல்லாத்தானே இருந்துச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் நேரமில்லை. கமலவல்லி கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கை சொட்டுத் திருகியில், ஒரு கை அவள் பாதத்தில். நான் ரத்தம் எடுப்பதும் ஓடுவதும் சுழற்றுவதும் திரும்ப ஓடிவந்து எண்ணைச் சொல்வதுமாக இருந்தேன். நாற்பத்தேழு என்றேன். அடுத்த தரம் நாற்பத்தெட்டு. டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு சொட்டைக் கூட்டினார். அந்த நாற்பத்தெட்டை வாய்விட்டுச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு நாற்பத்தைந்து. பிறகு நாற்பத்திரண்டு. சொட்டைக் குறைத்தார்.

விடிந்ததும் நான் மறுபடி ஊசியோடு போய் நின்றேன். சிஸ்டர் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "மேடம், ஒண்ணுக்குப் போயிட்டாங்க! நெறையப் போயிட்டாங்க!" என்று வராந்தா முழுக்கக் கேட்கக் கத்தினாள். கமலவல்லி நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். வார்டில் ஆபீசரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டார், இதைப்போய் இப்படிக் கொண்டாடுகிறார்களே என்று.

ஆபீசர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார். பிளாக்கில் அவருக்கு வரவேற்பு என்று கேள்விப்பட்டேன். அஞ்சலை போனதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. அடுத்த சாம்பிள் காத்துக்கொண்டிருந்தது.

சில வாரம் கழித்து அஞ்சலை லேபுக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. துடைப்பத்தை வாசலில் சாத்திவிட்டு வந்து, ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். விபூதி.

"வடலூருக்குப் போயி வந்தேங்க. தருமசாலையில சோறாக்கறதுக்கு ஒரு பை அரிசி குடுத்துட்டு, அந்த ஆபீசருக்காக வேண்டிகினு வந்தேன். இத அவருகிட்ட சேத்துடுங்கம்மா. எந்த பிளாக்குன்னு எனக்குத் தெரியல."

"அவருக்கா? ஒனக்கு வேண்டிக்கலையா?"

"எனக்கு இன்னாங்க, லேசாத்தானே வந்துச்சு. பாவம், அவருதான் அவ்ளோ கம்மி கவுன்ட்டுல எழுந்து எடம் குடுத்தாரு. அந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு எனக்கு வூட்டுல சோறே எறங்கல."

எனக்குத் தாங்கவில்லை. கெட்டி, கசிவு, நாற்பத்தெட்டு என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "செத்துப் பொழச்சவ நீதான்டி. அவரு இல்ல, நீ" என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போங்கம்மா. தொண்ணூத்தஞ்சுல யாருனா சாவாங்களா?"

வெயிலில் நடந்து வந்த கால், செருப்பில் தூசி. என்னவோ தோன்றியது, குனிந்து அவள் பாதத்தைக் கையால் பிடித்துவிட்டேன். "ஐயையோ, நீங்களுமாம்மா!" என்று துள்ளி நகர்ந்தாள்.

கால் சூடாக இருந்தது.